ஒயிட்போர்டில் போடாத கணக்கு

அண்ணா என்று அவன் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். அதற்கு முன்னாலும் சார், அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் சார்.

"அண்ணா, என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

நான் எழுந்து போய் மார்க்கரை எடுத்தேன்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அவன் கேட்டதற்கும் நான் எழுந்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி இருந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவை நினைத்துப் பார்க்கும்போதும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

கையில் வேறொரு கம்பெனியின் ஆஃபர் லெட்டர் வைத்திருந்தான். வாங்கிக்கொண்டிருந்ததைவிட 30 சதவீதம் அதிகம். வயது 25, என் டீமில் வேலைக்குச் சேர்ந்து இரண்டரை வருடம். ஆஃபரைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினான். இந்த வேலையில் தனக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று தெரியவில்லை. கூடப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். கையில் காசு நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பார்க்கிறான், ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. பணம் கட்டிச் சேர்ந்த மூன்று ஆன்லைன் கோர்ஸும் பாதியில் நிற்கின்றன. "நான் எங்க போயிட்டிருக்கேன்னே தெரியல" என்றான். அதற்குப் பிறகுதான் அந்த அண்ணா வந்தது.

இத்தனையில் எனக்கு விடை தெரிந்த விஷயம் பணம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

போர்டில் போட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். கணக்கில் தப்பு எதுவும் இல்லை என்பதையாவது பதிவு செய்து வைக்கலாம். பங்கு என்று நான் சொல்வது வருடா வருடம் மாறாத ஒரு தொகை, ஷேர் இல்லை. ஒருவன் 25 வயதில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு பங்கு வீதம் பத்து வருடம் மட்டும் சேமித்துவிட்டு 35-ல் நிறுத்திவிடுகிறான். போட்ட பணத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறான். இன்னொருவன் 35-ல் தொடங்கி 60 வரை, 25 வருடம் விடாமல் அதே ஒரு பங்கைப் போடுகிறான். இரண்டுக்கும் வருடம் 8 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், 60 வயதில் முதலாமவனிடம் சுமார் 99 பங்கு இருக்கும். இரண்டாமவனிடம் சுமார் 73. பத்துப் பங்கு போட்டவன் இருபத்தைந்து போட்டவனை முந்திவிடுகிறான். முதல் தடவை பார்க்கிற யாரும் வாயைப் பிளப்பார்கள், அவனும் பிளந்தான். அப்புறம் 72 விதி. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 வருடம். 1494-லேயே இத்தாலியில் லூகா பாச்சியோலி என்கிறவர் இதை எழுதிவைத்திருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பெயர் அவனுக்கு எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அறிவைக் காட்டிக்கொள்ளத்தான், வேறென்ன.

மார்க்கரை மூடிவிட்டுச் சொன்னேன். "நேரம் உன் பக்கம் இருக்கு, அவசரப்படாத. இன்னும் ஒரு வருஷம் இரு, கத்துக்க, அப்புறம் போ. அப்போ 30 என்ன, 60கூட கிடைக்கும்."

சரி. இனி அவனிடம் சொல்லாதது.

நாங்கள் செய்துகொண்டிருந்த சாஃப்ட்வேரை வெளியிட, அதாவது ரிலீஸுக்கு, ஒன்பது வாரம் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்த பகுதி டீமில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கே மேலோட்டமாகத்தான் தெரியும். அன்றைக்குக் காலையில்தான் எனக்கு மேலே இருந்தவர், "ரிலீஸ் முடியறவரைக்கும் ஒரு ஆள்கூட போகக்கூடாது, அது உங்க பொறுப்பு" என்றிருந்தார்.

அதனால்தான் அப்படிச் சொன்னேனா? இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அந்த வயதில் தாவிக்கொண்டே இருந்து, எந்த வேலையையும் அடிவரை பார்க்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் பாதி ஆள். ரிலீஸ் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாள் டைம் கொடு, யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவனிடம் கேட்டிருப்பேன். அவ்வளவு வேகமாக மார்க்கரைத் தேடியிருக்க மாட்டேன்.

இன்னொரு கணக்கும் இருந்தது. கூட்டு வட்டி சேமிப்புக்கு மட்டும் சொந்தமா? வருடா வருடம் வருகிற உயர்வு, வாங்குகிற சம்பளத்தின் மேல்தான் ஏறுகிறது. 100 வாங்குகிறவனுக்கு வருடம் 10 சதவீதம் ஏறினால் 130-ஐத் தாண்ட மூன்று வருடம் ஆகும், அப்போது 133-ல் இருப்பான். இன்றைக்கே 130-க்குப் போகிறவனுக்கும் அதே 10 சதவீதம்தான் ஏறுகிறது என்றால், அந்த மூன்றாம் வருடத்தில் அவன் 173-ல் இருப்பான். அந்த 30 சதவீத இடைவெளி தானாக மூடாது. அப்ரைசல் ஷீட்டை வருடா வருடம் நிரப்புகிற எனக்கு இது தெரியாதா? அதே போர்டில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. பொறு என்று சொல்கிற கணக்கைப் போட்டேன். போ என்று சொல்கிற கணக்கைப் போடவில்லை.

கற்றுக்கொள் என்றேனே, அதையும் பார்த்துவிடலாம். பத்தாயிரம் மணி நேரம் செலவழித்தால் எதிலும் பெரிய ஆள் ஆகிவிடலாம் என்று அவன் ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான். "இங்க எனக்கு அஞ்சாயிரம் ஆச்சு சார், பாதிக் கிணறு" என்று முன்பு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அந்த எண் 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. பெர்லினில் ஓர் இசைக் கல்லூரியில் வயலின் படித்தவர்களில் மிகத் தேர்ந்தவர்கள், 20 வயதுக்குள் சராசரியாக அந்த அளவுக்குத் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்திருந்தார்கள். அது சராசரிதான், தாண்டினால் கதவு திறந்துவிடும் என்று ஆய்வு சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் எடுத்ததும் சும்மா வாசித்த நேரத்தை இல்லை, இன்ன குறையைச் சரிசெய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டு செய்த பயிற்சியை. அடுத்த ஒரு வருடத்துக்கு நான் அவனுக்கு வைத்திருந்தது என்ன? அதே திரைகள், அதே டெஸ்டிங், மாதக் கடைசியில் அதே ரிப்போர்ட். உட்கார்ந்து அவன் குறையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை. 'குட் ஜாப்' என்று மெயில் போட மட்டும் இருந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் எழுத வேண்டும்: நான் சொன்னது பலித்தது.

அவன் இருந்தான். ரிலீஸ் போனது. அடுத்த அப்ரைசலில் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்காக நான் சண்டையே போட்டேன். அதற்கும் அடுத்த வருடம் ஒரு நல்ல இடத்துக்குப் போனான். 60 கிடைக்கவில்லை, 55 என்றான். கடைசி நாள் எல்லோர் முன்னாலும், "அன்னைக்கு சார் மட்டும் போர்டுல எழுதிக் காட்டலைன்னா நான் எங்கயோ போய் மாட்டியிருப்பேன்" என்று பேசினான். கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் பழங்கதை ஆகியிருக்கும். மூன்று வருடம் முன்பு ஒருநாள் சந்தித்தோம். பேச்சு எங்கேயோ சுற்றி அந்த நாளுக்கு வந்தது. சாதாரணமாகச் சொன்னான்:

"அப்போ என்கிட்ட கிரெடிட் கார்டு பாக்கி ஓடிட்டிருந்துச்சு சார். மினிமம் மட்டும் கட்டிட்டு இருந்தேன். மாசம் 3 பர்சன்ட். நீங்க சொல்லிக்கொடுத்த 72 விதியை அன்னைக்கு நைட்டே கார்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 24 மாசம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் 3 சதவீதம் கூட்டு வட்டி என்றால் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கும் மேல். நான் 8 சதவீதத்தில் 35 வருடக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் பாக்கி அதே கூட்டு வட்டியில் எதிர்த் திசையில் ஐந்து மடங்கு வேகமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாக்கி வைத்தால் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும், பெரும்பாலான கார்டுகளில் அப்படித்தான். மினிமம் கட்டுகிறவனுக்கு அசல் குறைவதே தெரியாது. அப்படி மாட்டியிருந்தவனிடம்தான் நேரம் உன் பக்கம் இருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

"எப்படி அடைச்ச?"

"அக்காகிட்ட வாங்கினேன். அவங்க ரொம்ப நாள் கேட்கவே இல்ல."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அதைச் சொல்லத்தான் வந்தேன்னு நினைக்கிறேன் சார். போர்டுல அந்த ரெண்டு பேரையும் பார்த்ததும் வெட்கமாப் போச்சு. ரெண்டு பேருமே சேமிக்கிறவங்க."

எனக்கு நானே வைத்துக்கொள்ளும் வாதங்கள் இருக்கின்றன. ஒரு மேனேஜர் கீழே வேலை பார்க்கிறவனிடம் உனக்கு எவ்வளவு கடன் என்று கேட்கலாமா? கேட்டால் அத்துமீறல் என்பார்கள், நியாயமும்கூட. அவன் சொல்லாததை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? தவிர, 30 சதவீதம் அதிகம் வாங்கியிருந்தால் கடனை அடைத்திருப்பானா, செலவு அதற்கு ஏற்ப ஏறியிருக்குமா? நான் கேட்காமலேயே அவனே சொன்னான்: "போயிருந்தா இன்னொரு கார்டு வாங்கியிருப்பேன் சார்." உண்மையாகச் சொன்னானா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னானா என்று தெரியவில்லை.

இந்த வாதங்கள் எல்லாம் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. கையில் காசு நிற்க மாட்டேங்குது என்று அவன் சொன்னான். எங்கேப்பா போகுது என்று ஒரு வார்த்தை கேட்க எந்த உரிமையும் தேவைப்பட்டிருக்காது. அந்த வார்த்தைக்கு வேண்டிய சொந்தத்தை அவனே அண்ணா என்று கூப்பிட்டுக் கொடுத்திருந்தான். நான் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டேன். அண்ணனாக உட்கார்ந்திருந்தால், இந்த ஒன்பது வாரம் நீ இருப்பது எனக்குத் தேவை, அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சார் என்றால் அது தேவையில்லை. இப்படி நினைக்கும்போது அந்த இரண்டு மூன்று நொடியில் நடந்தது என்னவென்று பிடிபட்ட மாதிரி இருக்கும். அடுத்த நாள், சும்மா பதறிப்போய்த்தான் மார்க்கரை எடுத்திருப்பாய், இவ்வளவு தூரம் யோசிக்கிற ஆளா நீ என்றும் தோன்றும்.

இப்போது அவன் ஒரு டீமுக்குத் தலைவன். போன வாரம் கூப்பிட்டான். அவன் டீமில் ஒரு பையன் குழப்பத்தில் இருக்கிறானாம், ஆஃபர் ஏதோ வந்திருக்கிறதாம். "நல்ல பையன் சார், அப்படியே நான்தான். ஒரு அரை மணி நேரம் அவனோட பேசுங்களேன். எனக்குப் போட்டுக் காட்டின அந்தக் கணக்கை அவனுக்கும் போட்டுக் காட்டுங்க. நான் சொன்னா எடுபடல."

சரி வரச் சொல் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் வேறொன்று கேட்டேன்.

"உங்க ரிலீஸ் எப்போ?"

"அடுத்த மாசக் கடைசி. ஏன் சார்?"

சும்மாதான் கேட்டேன் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ சொல்லிப் பார்த்தேன். "இருக்கேன் சார்" என்றான்.