ஆபீஸ் லேப்டாப்புல தங்கச்சி ஜாதகம்

காவேரிப்பட்டணத்துல வீட்டுலேருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பாக்கறேன். போன திங்கக்கிழமை விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோட வீட்டுலேருந்து சேர்ற வழி) மக்கர் பண்ணுச்சு, சப்போர்ட் தம்பி ரிமோட்ல உள்ள வந்தான், வந்தவன் கொஞ்ச நேரம் கழிச்சு "வீட்ல விசேஷமா ப்ரோ?"ங்கறான். டெஸ்க்டாப் நடுவுல ஒரு ஃபோல்டர், பேரு 'தங்கச்சி ஜாதகம்', பக்கத்துலயே இன்னொண்ணு 'அப்பா வேணாம்னது'. மானம் போச்சு.

அவன் சிரிச்சுட்டு போயிட்டான், எனக்குதான் தூக்கம் வரல. நோண்டிப் பாத்தா டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ரெண்டுமே ஒன்ட்ரைவ்ல, அதாவது மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் சேமிப்புல, தானா ஏறிட்டு இருக்கு, அதுவும் கம்பெனி அக்கவுண்ட்ல. பதினாலு மாப்பிள்ளைங்களோட பொறந்த தேதி, நேரம், சம்பளம், அவங்கப்பா போன் நம்பர்னு எல்லாம் அங்க கெடக்கு. என் விஷயம் போனா போகுது, பாலக்கோட்டுல இருக்கற யாரோ ஒரு பையனுக்கு இது தெரியுமா?

பிரவுசர்ல இன்காக்னிட்டோ போட்டா கம்பெனிக்கு தெரியாதுன்னு ஒரு ஃப்ரெண்டு அடிச்சு விட்டான். அது லேப்டாப்புக்குள்ள ஹிஸ்டரி சேராம பாத்துக்கும், அவ்ளோதான். ஜிமெயில தொறந்து அட்ரஸ் பக்கத்துல இருக்கற ஐகானை அமுக்கி, இது நிஜ சைட்தான்னு காட்டற சர்டிஃபிகேட்டை பாத்தேன், குடுத்தது யாருன்னா கூகுள் பேரு வரணும், எனக்கு எங்க கம்பெனி பேரு வருது. அப்படின்னா நடுவுல அவங்க ப்ராக்ஸி (இடையில நிக்கற சர்வர்) பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி மூடி அனுப்புதுன்னு அர்த்தம். எல்லாத்தையும் ஒருத்தன் உக்காந்து படிக்கறான்னு நான் சொல்லல, ஆனா படிக்கணும்னா முடியும்.

சட்டம் பேசலாம்னா, 2017ல சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது ஜட்ஜ் உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னாங்க. 2023ல வந்த தகவல் பாதுகாப்பு சட்டத்துல 7வது பிரிவு, வேலை சம்பந்தமா இருந்தா தனியா சம்மதம் கேக்காமலே நம்ம தகவல எடுத்துக்கலாம்னு முதலாளிக்கு ஒரு வழி விட்டு வெச்சிருக்கு. சேர்ற அன்னிக்கு நானும் ஏதோ பாலிசில படிக்காம கையெழுத்து போட்டவன்தானே.

அம்மாகிட்ட சொன்னதும் அவங்க பண்ண மொத வேலை, நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து கேமரா மேல ஒட்டுனது. அப்பாதான் புரியாம "நம்ம வீட்லதானே இருக்கு, நம்மளுது இல்லையா?"ன்னாரு. ஆன்லைன்ல பட்டா பாக்கறதுக்கும் அவருக்கு இந்த லேப்டாப்தான் வேணும். இனி செல்லுலயே பாருங்கப்பான்னுட்டேன்.

ஃபோல்டர டெலீட் பண்ணிட்டேன். ஆனா ஆபீஸ் ஒன்ட்ரைவ்ல ரீசைக்கிள் பின்லயே 93 நாள் இருக்குமாம். தங்கச்சிக்கு வைகாசில முகூர்த்தம், அது முடிஞ்சப்புறம்தான் அந்த ஜாதகமெல்லாம் போகும் போல.