நான்கு ஓமைத் தேடி மூன்று கிழமை

2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வாங்கிய 1000 வாற்று மின்னடுப்பு, இந்த வருடம் திடீரெனச் சோர்ந்துபோனது. "மனே, தண்ணி இன்னும் கொதிக்கல்ல" என்று அம்மா காலையில் மூன்று முறை சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தேன். கொயில், அதாவது சூடேறும் கம்பிச் சுருள், தேய்ந்துவிட்டது என்று நானாகவே முடிவு செய்து, அடுப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கல்லடியிலிருந்து பஸ்ஸேறி மட்டக்களப்பு நகருக்குப் போய்ப் புதிய கொயில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அதே மந்தம். மறுபடியும் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் மேசையிலேயே அதைப் போட்டுக் கேத்தலைக் கொதிக்க வைத்துக் காட்டினார். "நல்லாத்தானே வேலை செய்யுது, தம்பி? உங்கட வீட்டுக் கரண்டைப் பாருங்க."

பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் குசினிப் பிளக்கில் மீற்றரைச் செருகி, 228 வோல்ற்று, கரண்ட் சரியாகத்தான் வருகிறது என்று சொல்லி, வந்த கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மின் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கப் போனால், கடைசிப் பில் இல்லாமல் எழுத முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பில்லோடு மறுநாள் போய், நான்கு நாள் காத்திருந்து வந்த ஊழியரும் மீற்றர்ப் பெட்டியில் அளந்து அதே 228ஐத்தான் சொன்னார். ஒருவரும் அடுப்பை எரியவிட்டு அளக்கவில்லை. மின்னோட்டம் ஓடாதபோது எவ்வளவு கெட்ட இணைப்பும் முழு வோல்ற்றளவையும் காட்டும் என்பது மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வோல்ற்றளவு என்று பத்தாம் வகுப்பில் படித்த ஓமின் விதியிலேயே இருக்கிறது. அது எனக்கு நினைவுக்கு வர இரண்டு கிழமை போயிருந்தது.

கம்பியை வெளியிலிருந்து கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். முதல் நாள் மாலை முழுவதும் வீணானது, ஏனெனில் அடுப்பின் வயரை அப்படியே கவ்வவிட்டதால் மீற்றர் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. வயருக்குள் போகும் கம்பியிலும் வரும் கம்பியிலும் ஒரே அளவு மின்னோட்டம் எதிரெதிர்த் திசைகளில் ஓடுவதால், அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். பழைய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைப் பிளக்கிலிருந்து கழற்றி, வெளியுறையை மட்டும் நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் கம்பிகளின் காப்புறை வெட்டுப்படாமல் பிரித்தெடுத்தேன். சாதாரண மல்ரிமீற்றரால் மின்னோட்டம் அளக்கப் போய், அதன் அம்பியர்த் துளையில் முனையைச் செருகி வைத்துவிட்டு, மறந்துபோய் அதையே பிளக்கில் வைத்து வோல்ற்றளவு பார்ப்பவர்கள் குறுஞ்சுற்றை உண்டாக்கிவிடுவார்கள். அந்த வேலைக்கு யாரும் போக வேண்டாம்.

அடுப்பு எரியும்போது 4 அம்பியர், 212 வோல்ற்று. 212ஐ 4ஆல் வகுத்தால் கொயிலின் தடை 53 ஓம். 230 வோல்ற்றில் 1000 வாற்று தர வேண்டிய கொயிலுக்கு, 230இன் வர்க்கத்தை 1000ஆல் வகுக்க, 52.9 ஓம் இருக்க வேண்டும். ஆகவே கொயிலில் குறையில்லை. கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் 212ஐ 4ஆல் பெருக்கினால் 848 வாற்றுத்தான் அடுப்புக்கு வருகிறது. (கொயில் போன்ற வெறும் தடைக்குத்தான் இந்த நேரடிப் பெருக்கல் பொருந்தும். கிணற்று மோட்டருக்கு, வோல்ற்றளவும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி இறங்காததைக் கணக்கில் எடுக்கும் வலுக் காரணியையும் சேர்க்காவிட்டால் விடை கூடுதலாக வரும்.)

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த கணக்கு. 228க்கும் 212க்கும் இடையில் காணாமல் போன 16 வோல்ற்றை 4 அம்பியரால் வகுத்தால், வழியில் எங்கோ ஒளிந்திருக்கும் தடை 4 ஓம். பெருக்கினால் 64 வாற்று. பழைய 60 வாற்று இழை பல்ப் ஒன்று, வீட்டு வயரில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எரிந்துகொண்டிருப்பதற்கு அது சமம். ட்ரிப் சுவிட்ச் இதைத் தடுக்காது, ஏனெனில் அது பார்ப்பது ஒழுகும் மின்னோட்டத்தை; இங்கே ஒழுக்கே இல்லை. வெறும் 4 அம்பியரை மிகைச் சுமை என்று எந்தப் பிரேக்கரும் எண்ணாது.

அன்றிரவு அடுப்பை நிறுத்திவிட்டோம். மறுநாள் அதை ஐந்து நிமிடம் மட்டும் போட்டு, அதே வழியில் வரும் பிளக்குகளை ஒவ்வொன்றாக அளந்தேன். மெயின் சுவிட்சுக்கு அருகில் 228, விறாந்தையில் 227, குசினியில் 212. குசினியைப் பின்னால் நீட்டிக் கட்டியபோது வயரை ஒட்டிய ஜங்ஷன் பொக்ஸ் அந்த இரண்டுக்கும் நடுவில், சீலிங்குக்கு மேலே இருந்தது. மெயினை அணைத்து, வேறொரு எலெக்ட்ரீஷியனை ஏற்றித் திறக்கச் சொன்னேன். கனெக்டரே போடாமல் முறுக்கி ரேப் சுற்றியிருந்தார்கள். ரேப் உருகிப் பாகாய் வழிந்திருந்தது, செம்பு உப்புக்காற்றில் பச்சை பூத்து, நுனியில் கருகிப்போயிருந்தது. பொக்ஸின் மூடி ஒரு பக்கம் வளைந்திருந்தது. கருகிய நீளத்தை வெட்டி, திருகாணி வைத்த கனெக்டரில் இறுக்கியதும், அடுப்பு எரியும்போதே குசினியில் 227 வோல்ற்று, 4.3 அம்பியர்: ஏறத்தாழ 976 வாற்று. அம்மாவுக்கு இந்த எண்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேத்தல் கொதித்தது, அவ்வளவுதான்.

கழற்றி எறியவிருந்த பழைய கொயிலைக் குளிர்ந்த நிலையில் மல்ரிமீற்றரால் அளந்து பார்த்தேன். கொயில் செய்யும் நிக்குரோம் கம்பியின் தடை சூட்டில் சிறிதளவே கூடுவதால் அந்த அளவை நம்பலாம். இழை பல்ப்பில் இப்படிச் செய்தால் பத்து மடங்குக்கு மேல் பிழையாக வரும். பழைய கொயில் 51 ஓம் காட்டியது. அது இப்போது அலுமாரியில் கிடக்கிறது.