ரேட்டெஸ்ட் பாஸ், வைஃபை ஃபெயில்

ஆபீஸ் வைஃபை ஒரே ஒருவருக்கு மட்டும் வரவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவர். வைஃபைக்குள் யாரை விடலாம் என்று பாஸ்வேர்டைப் பார்த்து முடிவு செய்வது ரேடியஸ் சர்வர். அதைச் சோதிக்கும் கட்டளை ரேட்டெஸ்ட்; பாஸ்வேர்டு சரி என்றால் 'அக்செஸ்-அக்செப்ட்' என்று பதில் வரும். "அண்ணே, ரேட்டெஸ்ட் அடிச்சா அக்செஸ்-அக்செப்ட் வருது, அவர் லேப்டாப்புலதான் கோளாறு" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. வைஃபை கருவியும் சர்வரும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சொல்லான ஷேர்டு சீக்ரெட் மீதும் அவனுக்குச் சந்தேகம். அது தப்பாக இருந்தால் பிஏபி-யில் (பாஸ்வேர்டையே அனுப்பும் எளிய முறை) ஒருத்தரும் உள்ளே வர முடியாது, லாகில் எல்லார் பாஸ்வேர்டும் குப்பையாகத்தான் தெரியும். இங்கே சிக்கல் ஒருவருக்கு மட்டுமே.

ரேட்டெஸ்ட் வழக்கமாக அனுப்புவது பிஏபி. பாஸ்வேர்டின் பைட்டுகளை சீக்ரெட்டோடு கலந்து அனுப்பும், சர்வர் பிரித்தெடுத்து தன்னிடம் உள்ள பைட்டுகளோடு ஒப்பிடும். இரண்டும் யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) என்றால் வேலை முடிந்தது. அது என்ன எழுத்து என்று யாருக்கும் கவலையில்லை. ரேடியஸின் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2865-க்கும் பாஸ்வேர்டு வெறும் பைட் வரிசைதான்.

வைஃபை வருவது பீப் என்ற பாதுகாப்பான பாதைக்குள், பாஸ்வேர்டை அனுப்பாமல் அதன் ஹாஷை வைத்துச் சரிபார்க்கும் எம்எஸ்-சாப் வி2 முறையில். அந்த முறைக்கான ஆர்எஃப்சி 2759 பாஸ்வேர்டை யூனிகோடாக எடுத்து எம்டி4 ஹாஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) போடச் சொல்கிறது. அவர் பாஸ்வேர்டில் மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் 'யூ' இருந்தது. விண்டோஸ் அதை யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் 252, 0 என்று வைக்கும். யூடிஎஃப்-8-இல் அதுவே 195, 188. எங்கள் பழைய ரேடியஸ் சர்வர் அதை எழுத்தாகவே மாற்றவில்லை. ஒவ்வொரு பைட்டுக்குப் பின்னாலும் ஒரு பூஜ்யத்தைச் செருகி, 195, 0, 188, 0 என்று ஆக்கிவிட்டது. ஆங்கில எழுத்துகளுக்கு இந்தக் குறுக்குவழி கச்சிதமாகப் பொருந்தும். அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

தம்பிக்குக் காட்ட, 'அ' என்ற ஒற்றை எழுத்தை பாஸ்வேர்டாக வைத்து ஒரு சோதனைக் கணக்கு. வர வேண்டியது 133, 11. சர்வர் போட்டது 224, 0, 174, 0, 133, 0. ஐகான்வ் (எழுத்து முறை மாற்றும் கருவி) வழியாக மாற்றி ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் எம்டி4 எடுத்துப் பார்த்தால் ஹாஷ் இரண்டும் வேறு. (பாஸ்வேர்டை அனுப்ப எக்கோ கட்டளை வேண்டாம், பிரிண்டெஃப் போடுங்கள். எக்கோ கடைசியில் சேர்க்கும் புதுவரி ஹாஷையே மாற்றிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல் பழைய முறைகளுக்கான லெகசி புரொவைடரையும் இயக்க வேண்டும்.)

"ஆங்கில எழுத்து மட்டும்னு ரூல் போட்டுடலாமே" என்று மேலிருந்து யோசனை வந்தது. பழுது சர்வரில், தண்டனை ஊழியருக்கா? தற்காலிகமாக அவர் கணக்கில் சரியான என்டி ஹாஷையே (மேலே சொன்ன எம்டி4 ஹாஷ்தான்) ஏற்றினோம். எம்எஸ்-சாப்புக்கு அந்த ஹாஷ் பாஸ்வேர்டுக்குச் சமம் என்பதால் பத்திரமாக வைக்க வேண்டிய சமாச்சாரம் அது. பிறகு யூடிஎஃப்-8-ஐ ஒழுங்காக மாற்றும் புதிய பதிப்புக்குப் போனோம். 'அ' கணக்கை அழிக்கவில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஈபால்_டெஸ்ட் (வைஃபை நுழைவு முறையையே சோதிக்கும் கருவி) வைத்து அதில் நுழைந்து பார்ப்பது இப்போது தம்பியின் வேலை.