ஸ்பே ஆற்று மாதிரி: இன்ஷ் சதுப்பில் தண்ணீர் நின்றுவிட்டது

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுக்கு நான் செய்துவரும் நிலமாதிரியில் கிங்கூஸி முதல் கிராண்டவுன் வரையிலான துண்டு ஒருவழியாகப் படிந்துவிட்டது. ஆறு பிறக்கும் ஸ்பே ஏரிப் பக்கம் தண்ணீர் விட்டால் இன்ஷ் சதுப்பில் வந்து பரவி நிற்கிறது, அப்புறம் மெல்ல வழிந்து கீழே போகிறது. அசல் ஆறும் வெள்ளக் காலத்தில் இதைத்தான் செய்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அளவு 1:1,00,000. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே இலவசமாகத் தரும் 10 மீட்டர் சமஉயரக் கோடுகள். கோட்டுக்கு ஒரு 1 மி.மீ. பி.வி.சி. ஷீட். உயரம் பத்து மடங்கு கூடிவிடுவதால் கெய்ர்ன்கார்ம் மலைகளை 400 மீட்டரோடு நிறுத்திவிட்டேன்.

ஆறு என்றால் மேலே பாய்ந்து இறங்கி, கடலை நெருங்கும்போது தளரும். ஸ்பே தலைகீழ். சுமார் 350 மீட்டரில் பிறந்து, கிங்கூஸிக்கு வரும்போது 220 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பிறகு கிராண்டவுன் வரை கிட்டத்தட்ட சமதளம்; மாதிரியில் 40 செ.மீ. நீளத்துக்கு இரண்டு மூன்று ஷீட்தான் மாறும். அதற்குக் கீழே கடல்வரை ஏறத்தாழ 200 மீட்டர் இறக்கம். சால்மன் மீன் பிடிப்பவர்கள் சொல்லும் அந்த வேகத் தண்ணீர் இங்கேதான். கரையில் மரமும் மேடும் நெருக்குவதால், தூண்டில் நரம்பைப் பின்னால் வீசாமலே முன்னால் சுருட்டி எறியும் ‘ஸ்பே வீச்சு’ பிறந்ததும் இந்த ஆற்றில்தான்.

அந்த 40 செ.மீ.தான் உயிரை வாங்கியது. ஷீட் படியை அப்படியே விட்டால் குட்டி அருவி மாதிரி தெரியும். பள்ளத்தாக்கின் இரு ஓரமும் குண்டூசி நட்டு, தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டி, அந்தச் சாய்வுக்கு டிங்கரிங் பட்டி (கார் ஒடுக்கை அடைக்கும் பசை) பூசினேன். பழைய ஏ.டி.எம். கார்டை இரு நரம்பின் மேலும் வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அங்கே ஒரு வரப்பு விழும். பட்டியை இறுகவைக்கும் ஹார்டனரைச் சற்றுக் குறைத்துக் கலந்தால்தான் இழுத்து முடிக்கும்வரை பட்டி இளகியிருக்கும்.

பட்டி மட்டும் போதாது. இன்ஷ் ஏரிக்குச் சற்றுக் கீழே ஃபெஷி ஆறு மலையிலிருந்து சரளையை அள்ளிவந்து விசிறியாகக் கொட்டுகிறது. அந்த மேடுதான் மேலே வரும் தண்ணீரைத் தேக்குகிறது. வலக்கரையில் அரை மி.மீ. உயர்த்தியதும் சதுப்பு தானாக வந்தது.

பட்டியை ஹார்டுவேர் கடையில் வாங்காதீர்கள். கார் பெயின்ட் கடையில் புதுச் சரக்கு கிடைக்கும். குண்டூசிக்குத் தையல் கடைச் சாமான் விற்கும் இடம் நல்லது, தலை சிறியது.

கிரைகெல்லாக்கியில் பொறியாளர் டெல்ஃபோர்டின் இரும்புப் பாலம் (1814), முகத்துவாரத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் சரளைத் திட்டு, ஸ்பேயில் வந்து சேரும் ஏவன் கிளையாறு எல்லாம் பாக்கி. அதற்குள் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுக்கான சமஉயரக் கோடுகளை இறக்கி வைத்துவிட்டேன். 1922இல் ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு சால்மன் பிடித்த ஆறு; அதற்கு 1:1,50,000 போதுமா என்று பார்க்கிறேன்.