நாலு நாடு, ஒரு வாடகைக் கார்: வண்டி ஓடியது, காகிதம்தான் படுத்தியது

ஐரோப்பாவில் வண்டி ஓட்டுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிப் பழகிய கைக்கு ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபான் ஓய்வு மாதிரி. உயிரை வாங்குவது அதற்கு முன்னும் பின்னும் வரும் காகிதம். யார் பெயரில் கார்டு, எந்த நம்பர் பிளேட்டுக்கு எந்த வரி, எந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று இதிலேயே பாதி சக்தி போய்விடும். மியூனிக்கில் எடுத்து, ஆஸ்திரியா, ஸ்லோவேனியாவின் சோச்சா பள்ளத்தாக்கு, வெனிஸ், ஃபிளாரன்ஸ் சுற்றி, பிரென்னர் கணவாய் வழியாகத் திரும்பி மியூனிக்கிலேயே விட்டோம். இரண்டு பேர், இரண்டு முதுகுப்பை, ஒரு சின்ன ஹேட்ச்பேக். எடுத்த ஊரிலேயே விட்டதற்குக் காரணம் உண்டு. வேறு நாட்டில் விட்டால் போடும் 'ஒன் வே' கட்டணம் சில சமயம் வாடகையையே தாண்டிவிடும்.

ஷெங்கன் வீசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே வீசா, அதன் கதை நீளமில்லை. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. இதெல்லாம் தெரிந்ததுதான். காரில் போகிறவர்களுக்கு இடறும் இடம் வேறு: விண்ணப்பம் வாங்குகிற கவுண்டரில் ஊருக்கு ஊர் ரயில் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். கார் என்று வாயால் சொன்னால் போதாது. ரத்து செய்யக்கூடிய கார் புக்கிங்கை அச்சடித்து, நாள், ஊர், தூரம், தங்கும் இடம் என்று ஒரு பக்க அட்டவணையோடு சேர்த்துக் கொடுங்கள். ஒருவர் வருமானத்தில் இருவரும் போவதாக இருந்தால் திருமணச் சான்றிதழும் கேட்பார்கள். அது தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். எங்களைத் திருப்பி அனுப்பியது அந்த ஒரு தாள்தான். அதற்காகவே இன்னொரு நாள் லீவு போட வேண்டியதாயிற்று.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி., நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே வாங்கலாம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். வீசா நகல் கேட்கும் ஆபீஸ்கள் உண்டு, அதனால் வீசா கைக்கு வந்த பிறகுதான் இது நகரும். அதற்கேற்ற மாதிரி நாட்களை விட்டுக்கொள்ளுங்கள். கையில் வாங்கியதும் 'பி' பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கார் அந்தப் பிரிவில்தான் வருகிறது, முத்திரை இல்லாவிட்டால் புத்தகம் இருந்தும் பயனில்லை. அசல் லைசென்ஸ் அட்டையையும் எடுத்துப் போங்கள். டிஜிலாக்கர் அங்கே எடுபடாது.

இனி வாடகைக் கவுண்டர். எரிச்சல் முழுக்க இங்கேதான்.

கவுண்டரில் கேட்பது பிரதான ஓட்டுநரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு. ஃபாரக்ஸ் கார்டு பிரீபெய்ட் என்பதால் டெபாசிட்டுக்கு ஆகாது. டெபிட் கார்டும் பல இடங்களில் ஆகாது. கணவர் பெயரில் புக்கிங், மனைவி பெயரில் கார்டு என்றால் "பெயரை மாற்றிப் புதிதாக புக் செய்யுங்கள்" என்பார்கள், அன்றைய விலைக்கு. எங்களுக்கு வம்பு இனிஷியலில் வந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக இருக்கிறது. கார்டில் அதே பெயர் ஒற்றை எழுத்து. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? பாஸ்போர்ட், லைசென்ஸ், ஐ.டி.பி. மூன்றையும் வரிசையாக விரித்து, பிறந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டி, மேலாளர் வரும்வரை நகராமல் நின்றபிறகுதான் சாவி வந்தது. கிளம்புவதற்கு முன்பே வங்கியில் சொல்லி, பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே பெயர் அச்சிட்ட கார்டு வாங்கிவிடுங்கள்.

கார்டிலேயே இன்னும் இரண்டு வேலை. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். வங்கி ஆப்பில் போய், கடை மெஷின், ஆன்லைன் இரண்டுக்கும் தனித்தனியாகத் திறந்து, உச்சவரம்பையும் ஏற்றி வையுங்கள். டெபாசிட்டாகப் பிடித்து வைக்கும் தொகை சாதாரணமாகவே ஆயிரம் யூரோவைத் தாண்டும். அது செலவு இல்லை, ஆனால் அந்த அளவுக்கு லிமிட் முடங்கிக் கிடக்கும். சாப்பாடு, அறை வாடகைக்கு இரண்டாவது கார்டு கட்டாயம். மெஷின் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள்.

அடுத்து இன்சூரன்ஸ் திணிப்பு. "நீங்கள் வெளியில் வாங்கிய பாலிசி எங்களிடம் செல்லாது" என்பார்கள். அது பாதி உண்மை. வெளியில் எடுக்கும் எக்ஸஸ் பாலிசி (சேதத்தில் நம் தலையில் விழும் பங்குக்கான காப்பீடு), சேதம் ஆனால் நீங்கள் கட்டிய பிறகு உங்களுக்குத் திருப்பித் தருவது. அதனால் கவுண்டரில் டெபாசிட் எப்படியும் பிடிப்பார்கள். அதற்காக அவர்களுடைய தினசரிப் பாலிசியை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கையெழுத்துக்கு நீட்டும் டேப்லெட்டில் மொத்தத் தொகை மட்டும் தெரியும், விவரம் அடுத்த திரையில் ஒளிந்திருக்கும். அச்சுப் பிரதி கேட்டு வரி வரியாகப் படியுங்கள். எங்கள் தாளில் வேண்டாம் என்று சொன்ன கண்ணாடி-டயர் பாலிசி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை நீக்கச் சொல்லி, புதுத் தாள் வாங்கினோம்.

போகும் நாடுகளின் பெயர் ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். ஸ்லோவேனியா, குரோவேஷியா என்றால் எல்லை தாண்டும் கட்டணம் தனியாகப் போடும் கம்பெனிகள் உண்டு. சில விலை உயர்ந்த மாடல்களை இத்தாலிக்கு விடவே மாட்டார்கள். சொல்லாமல் தாண்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் செல்லாது. குரோவேஷியா வரை இறங்குபவர்கள் ஒன்று கவனிக்க: அது 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கன், ஆனால் பக்கத்தில் இருக்கும் போஸ்னியா இல்லை. அங்கிருக்கும் மொஸ்தார் ஊருக்கு ஒரு எட்டுப் போய் வரலாம் என்று கிளம்பினால், ஒற்றை நுழைவு வீசாக்காரர் திரும்ப உள்ளே வர முடியாது. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் போக முன்பு போஸ்னியாவின் நெயும் வழியாகத்தான் ரோடு. 2022-ல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலத்தில் போனால் எல்லையே குறுக்கிடாது.

சாவி வாங்கியதும் வண்டியை நகர்த்தாதீர்கள். விமான நிலைய கேரேஜில் வெளிச்சம் மங்கல், வண்டியை அப்போதுதான் கழுவி ஈரமாக நிறுத்தியிருப்பார்கள். நீர்த்துளி கீறலை மறைத்துவிடும். துணியால் துடைத்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, ஒரே தொடர்ச்சியான வீடியோவாகச் சுற்றி எடுங்கள். நாலு வீல் ரிம், பம்பரின் கீழ் விளிம்பு, கூரை, முன் கண்ணாடி, எரிபொருள் முள், கிலோமீட்டர் எல்லாம் வர வேண்டும். அவர்கள் தரும் சேதப் பட்டியலில் இல்லாததை ஆளைக் கூப்பிட்டு எழுத வையுங்கள். ஆள் இல்லையென்றால் அங்கிருந்தே கம்பெனிக்குப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலின் நேரம்தான் பின்னால் பேசும்.

ஜெர்மனியில் காருக்கு டோல் இல்லை. ஆஸ்திரிய எல்லை தாண்டியதும் விக்னெட், அதாவது மோட்டார்வேயில் ஓட்ட முன்கூட்டியே கட்டும் கட்டணச் சீட்டு, வேண்டும். 10 நாளுக்கானது 2025-ல் 12.40 யூரோ. டிஜிட்டல் விக்னெட் நம்பர் பிளேட்டோடு கட்டப்பட்டது, அதனால் வண்டி கைக்கு வரும்வரை வாங்க முடியாது. நடுவில் வண்டியை மாற்றிக் கொடுத்தால் பழையது போனதுதான். நேராக ஆஸ்திரிய நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் தளத்தில் வாங்குங்கள். தேடினால் மேலே வரும் தரகுத் தளங்கள் அதே சரக்கைக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. பிளேட் எந்த நாட்டுடையது என்ற கட்டத்தில் ஜெர்மனி என்று கொடுங்கள், ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் குழப்பாதீர்கள். தவறான பிளேட்டுக்கு வாங்கிய விக்னெட் இல்லாததற்குச் சமம். வாங்குமுன் அதே தளத்தில் பிளேட்டைப் போட்டுப் பாருங்கள், முந்தையவர் வாங்கியது இன்னும் உயிரோடு இருக்கலாம்.

விக்னெட் இருந்தும் சில பகுதிகளில் தனி டோல் உண்டு: ஏ10-ல் டவுவர்ன் சுரங்கம், ஏ11-ல் காரவாங்கன் சுரங்கம், ஏ13 பிரென்னர். ஸ்லோவேனியாவில் ஈ-வின்யெட்டா என்ற அவர்களுடைய விக்னெட் 2025-ல் ஒரு வாரத்துக்கு 16 யூரோ, இல்லாமல் பிடிபட்டால் அபராதமே 300-ல்தான் தொடங்கும். ஸ்லோவேனியாவை இந்தச் செலவில்லாமல் கடந்தது எங்கள் சின்ன வெற்றி. ஆஸ்திரியாவின் ஃபில்லாக் பக்கத்திலிருந்து காரவாங்கன் சுரங்கத்துக்குப் போகாமல் வுர்ட்சன் கணவாய் ஏறினால், இறங்குவது ஸ்லோவேனியாவின் கிரான்ஸ்கா கோராவில். அங்கிருந்து 1,611 மீட்டர் உயர வ்ர்ஷிச் கணவாய், பிறகு போவெட்ஸ், பிரெடில் கணவாய், இத்தாலியின் தார்விசியோ. எங்கும் மோட்டார்வே இல்லை, ஈ-வின்யெட்டா தேவையில்லை. சும்மா கிடைக்கும் ரோடும் இல்லை இது: வுர்ட்சனில் 18 சதவீத ஏற்றம், வ்ர்ஷிச்சில் 50 கொண்டை ஊசி வளைவுகள். கிரான்ஸ்கா கோரா பக்கத்து வளைவுகள் கருங்கல் பாவியவை. மழையில் வழுக்கும், முதல் கியரில் போங்கள். முதல் உலகப் போரில் ரஷ்யக் கைதிகளைக் கொண்டு போட்ட ரோடு அது. வழியில் அவர்கள் நினைவாக ஒரு மரக் கோயில் இருக்கிறது. பனிக்காலத்தில் கணவாய் மூடிவிடும்.

இடது ஸ்டியரிங் பழக அரை மணி நேரம் போதும். இண்டிகேட்டர் இடது கையில், வைப்பர் வலது கையில் என்பதுதான் சில நாள் உதைக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் வைப்பர் ஓடும். கியரும் வலது கை. மலை ரோடு இருந்தால் கூடுதல் வாடகை கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் எடுங்கள். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கே முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும்.

இத்தாலியில் ஆட்டோஸ்த்ராதா என்ற மோட்டார்வேக்குள் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தால் தூரத்து வாயிலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். மஞ்சள் டெலிபாஸ் வரிசை, தானாகக் கட்டணம் கழியும் கருவி வைத்தவர்களுக்கு, நமக்கில்லை. தவறி நுழைந்தால் பின்னால் எடுக்காதீர்கள். பொத்தானை அழுத்திப் பேசினால் ஒரு தாள் வரும், 15 நாளுக்குள் கட்டிவிடலாம்.

பணத்தைத் தின்பது இசட்.டி.எல். பழைய நகரத்துக்குள் வெளி வண்டி வரக்கூடாத வட்டாரம் அது. சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டம், பக்கத்தில் கேமரா. 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது. ஜி.பி.எஸ். நேராக அதற்குள்தான் கூட்டிப் போகும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். அதற்கு மேல், உங்கள் விலாசத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கம்பெனி கார்டில் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும், இது அபராதம் இல்லை. அபராதச் சீட்டு வெளிநாட்டவருக்கு 360 நாள் வரை வரலாம். கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. தங்கும் விடுதி உள்ளே இருந்தால் பிளேட் எண்ணை அவர்களிடம் கொடுத்துப் பதியச் சொல்லி, பதிந்ததற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஃபிளாரன்ஸுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஏ1-லிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்டான்சா நிறுத்தத்தில் வண்டியை விட்டு, டி1 டிராமில் சாந்தா மரியா நோவெல்லா போய்விடலாம். வெனிஸுக்கு மேஸ்த்ரேயில் தங்கி ரயில். மேஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான் என்பதால், அங்கே தங்குபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உள்ள நாட்களிலும் விலக்கு உண்டு. ஆனால் இணையத்தில் பதிந்து கியூஆர் குறி வைத்திருக்க வேண்டும். நாங்கள் கேட்கும்வரை விடுதியில் யாரும் வாய் திறக்கவில்லை.

எரிபொருளுக்குப் பெயரைப் பார்க்காமல் குறியைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். டேங்க் மூடிக்கு உள்பக்கமும் அதே குறி ஒட்டியிருக்கும். இத்தாலியில் மதியத்தில் ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் மெஷின் நோட்டை வாங்கும், மீதி தராது. 50 போட்டு 38-க்கு நிரம்பினால் மீதிக்கு ஒரு சீட்டுத்தான், அதை மாற்ற அதே பங்குக்கு ஆள் இருக்கும்போது வர வேண்டும். பத்து, இருபதாகப் போடுங்கள்.

திருப்பி விடும்போது கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தில் போங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் அவர்கள் பார்க்கும்வரை பொறுப்பு நம்முடையது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு, பின்பக்க ரிம்மில் கீறல் என்று எங்களுக்கு ஒரு பில் வந்தது. எடுத்த அன்று கேரேஜிலிருந்தே அனுப்பிய மின்னஞ்சலை, அதே கீறல் தெரியும் படத்தோடு திருப்பி அனுப்பினோம். மன்னிப்புக் கூடக் கேட்காமல் "கோப்பு மூடப்பட்டது" என்று ஒரு வரி. அடுத்த வாரம் டெபாசிட் விடுபட்டது. கார்டை மட்டும் இன்னும் ரத்து செய்யவில்லை, அந்த 360 நாள் முடியட்டும்.