டாங்கிக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்: சுங்கை சிப்புட் பக்கத்து ஊறல் சோதனை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்தை ஒட்டிய நிலங்களில் வீடு கட்டுகிறவர்கள் செப்டிக் டாங்கி எத்தனை கேலன் என்றுதான் முதலில் கேட்பார்கள். டாங்கியிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண் குடிக்காவிட்டால், அடைமழை மாதத்தில் கக்கூஸ் பொங்கும். எவ்வளவு பெரிய டாங்கியும் அதைத் தடுக்காது.

பிளானில் கையெழுத்துப் போடுவது இன்ஜினியர் பாடு. அதற்கு முன் இடம் தேறுமா என்று பார்க்க நாங்கள் கையாள்வது, குழியில் தண்ணீர் ஊற்றி மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று அளக்கும் பிரிட்டிஷ் முறை ஊறல் சோதனை.

டாங்கித் தண்ணீரை மண்ணுக்குள் விடும் ஊறல் பைப் வரப்போகும் இடத்தில் தள்ளித் தள்ளிக் குறைந்தது இரண்டு குழி. பைப் படுக்கும் ஆழம் வரை அகலமாகத் தோண்டி, அதற்குக் கீழே 300 மி.மீ. சதுரத்தில் 300 மி.மீ. ஆழம் இறக்க வேண்டும். மண்வெட்டி பட்ட சுவர் சிமெண்ட் பூசியதுபோல் வழவழப்பாகிவிடும், தண்ணீர் இறங்காது. ஆணி அடித்த பலகையால் சுவரைக் கீறி, உதிர்ந்த மண்ணைக் கையால் அள்ளிவிடுங்கள்.

தோண்டும்போதே நிறத்தைக் கவனியுங்கள். அடிவரை செம்மண்ணாக இருந்தால் கவலை குறைவு. சாம்பல் களியில் துருப்பிடித்தாற்போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்த மட்டம் வரை ஏறி நிற்கிறது. அங்கே வெயில் மாதத்துச் சோதனை எவ்வளவு நன்றாக வந்தாலும் நம்பாதீர்கள். நீர்மட்டம் ஏறும் காலத்திலும் பைப்புக்குக் கீழே 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

குழியின் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். 27 லிட்டர் பிடிக்கும். நேராகக் கொட்டினால் சேறு கலங்கி அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஊறட்டும். அவசரக்காரக் கண்டிராக்டர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். காய்ந்த களி முதல் தண்ணீரை மடமடவென்று இழுக்கும், உப்பிய பிறகுதான் அதன் குணம் தெரியும். பலகை போட்டு மூட மறக்க வேண்டாம், தோட்டத்து மாடுகள் இரவில்தான் சுற்றும்.

மறுநாள் மீண்டும் 300 வரை நிரப்புங்கள். குச்சியில் குறித்த 225 மி.மீ. கோட்டிலிருந்து 75 கோட்டுக்குத் தண்ணீர் இறங்க எத்தனை விநாடி என்று பார்த்து 150-ஆல் வகுக்க வேண்டும். குழிக்கு மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். கனமழை கொட்டும் நாளில் இந்த வேலை வேண்டாம்.

விடை 12 முதல் 100 வரை வந்தால் சரி. 12 என்றால் அரை மணி நேரம், 100 என்றால் நாலு மணி பத்து நிமிடம். 12-க்குக் கீழே போனால் அழுக்கு வடிகட்டப்படாமல் கிணற்றுக்கே போய்விடும். 100-ஐத் தாண்டினால் மண் குடிக்காது.

பழைய ரப்பர், செம்பனை நிலத்தில் ஒரு குழி பத்து நிமிடத்தில் காலியாகி, பக்கத்துக் குழி இரண்டு மணி நேரம் எடுத்தால், முதல் குழியில் மக்கிய வேரோ கரையான் வழியோ இருக்கலாம். அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு வேறு குழி வெட்டுங்கள். கொட்டி நிரவிய மண்ணில் சோதிப்பதே வீண்.

ஆள் எண்ணிக்கையை விடையால் பெருக்கி, அதை 0.25-ஆல் பெருக்கினால், ஊறல் பைப்பைப் பதிக்கும் வாய்க்காலுக்கு வேண்டிய அடிப்பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். ஐந்து பேர், விடை 40 என்றால் 50 சதுர மீட்டர். 600 மி.மீ. அகல வாய்க்காலாக வெட்டினால் 83 மீட்டர் நீளம், சின்ன மனையில் வேலியைத் தாண்டிவிடும். சாதாரண செப்டிக் டாங்கிக்குப் பதிலாகச் சுத்திகரிப்பு டாங்கி வைத்தால் 0.20 போதும், 40 சதுர மீட்டரில் முடியும்.