வட்டி கட்டியவன்

2025 மார்ச் 30, ஞாயிறு

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. நற்செய்தி லூக்கா 15, ஊதாரி மகன்: சொத்தில் பங்கை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளையவனுக்கு அப்பா விருந்து வைக்கிற கதை. அந்தக் கதையில் எனக்கு எப்போதும் மூத்தவன் மேல்தான் பரிதாபம். வயலிலிருந்து வருகிறவன், வீட்டில் ஆட்டபாட்டம் கேட்டு வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். முன்னாடியே ஒரு ஆளை அனுப்பிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை! என் தம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கடை போட்டான். கடை போயிற்று. நாலு வருஷம் வட்டி கட்டி மீட்டவன் நான். அவன் கோயம்புத்தூரில். பேச்சு கிடையாது.

ஏப்ரல் 12, சனி

பாவசங்கீர்த்தனம். என்னைப் பற்றிச் சொல்லப் போய், பாதி நேரம் தம்பியின் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, இப்ப உங்க கணக்கைச் சொல்லுங்க” என்றார். அவனுக்குப் போன் பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மூன்று அருள்நிறை மரியே ஜெபம், அவ்வளவுதான் அபராதம். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகச் சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் அம்மாவும் ஒருத்தி. 2016-ல் போப் பிரான்சிஸ் இந்தச் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்றாரே, அதிலிருந்து எங்கள் பங்குக் கோயிலில் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவுக்கு, ஒருவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அம்மா மூன்று மணிக்கே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்து, பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டாள். கழுவிக்கொண்டுதான் கழுவப் போகிறோம். என் பாவசங்கீர்த்தனமும் கிட்டத்தட்ட அப்படித்தான். வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து, “அவனும் பார்த்திருக்கலாம்” என்றாள். நான் ஹாரன் அடித்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்றைய பிரியாணியைச் சூடு பண்ணும்போது போன். “அண்ணே, போப்பாண்டவர் போயிட்டாரு.”

ஈஸ்டர் அன்று சக்கர நாற்காலியில் வந்து வாழ்த்துச் சொன்னவர். 38 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். பத்து நிமிஷம் அவரைப் பற்றியே பேசினோம். பத்திரம், வட்டி எதுவும் வரவில்லை. பேச ஒரு சாவு வேண்டியிருந்தது எங்களுக்கு. போனை அம்மாவிடம் கொடுத்தேன். எடுத்த எடுப்பில், “சாப்பிட்டியா?”

ஏப்ரல் 26, சனி

காலை பஸ்ஸில் வந்துவிட்டான். மத்தியானம் மூன்று பேரும் டிவியில் அடக்கப் பூசை பார்த்தோம். தரையில் சாதாரண மரப்பெட்டி, மேலே விரித்து வைத்த நற்செய்திப் புத்தகம். வத்திக்கானுக்கு வெளியே, மேரி மேஜர் பேராலயத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாராம். தம்பிக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. பூசைக்கே போக மாட்டான் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது டிவி ஸ்டாண்டில் ஒரு கவர் வைத்தான். அவன் தெருமுனை திரும்பியதும் எண்ணினேன். வட்டிக்கே காணாது.

“எவ்வளவுடா?” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

“சரியா இருக்கும்மா.”